முதலில் ஏறுபவர் நேற்று இறங்குவார்

திங்களும் வியாழனும் காலையில் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் புறப்படுகிற அந்த விமானத்துக்குள் எவர் முதல் காலடி எடுத்து வைக்கிறாரோ அவர் முந்தின நாளே திருச்சியில் போய் இறங்கிவிடுவார், மற்றவர்கள் எல்லாரும் சீட்டில் போட்ட தேதிக்குச் சீட்டில் போட்ட நேரத்துக்கு வந்து சேர்வார்கள் என்பது பாலக்கரையில் பால் பாக்கெட் போடுகிறவர் முதல் பள்ளிவாசல் ஹஜ்ரத் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. அந்த முதல் காலடி பதினோரு வருஷமாக நாகூர் கனியுடையது என்பதும் தெரிந்த விஷயம்தான்.

கனி ஒரு குருவி. இங்கேயிருந்து சேலையும் அப்பளமும் இட்லிப்பொடியும் சுமந்துகொண்டு போய், அங்கேயிருந்து கோடாலித் தைலமும் மைலோ டின்னும் சென்ட் பாட்டிலும் சுமந்து வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் குருவி என்றுதான் சொல்வோம். கோட்டுப் போட்ட முதலாளிகள் வருஷத்துக்குப் பத்துத் தடவை பறந்தால் குருவி நூறு தடவை பறக்கும். அதனால் அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமானக் கம்பெனி கொடுக்கிற அட்டைகளில் எல்லாவற்றுக்கும் உச்சியான பிளாட்டினம் அட்டை, கசங்கின சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்து நிற்கிற கனியிடம் இருந்தது, வாசலில் முதல் அழைப்பும் அவருக்குத்தான்.

முதல் தடவை அது நடந்தபோது கனி பிஸ்மில்லா சொல்லி வலது காலை விமானத்துக்குள் வைத்தார், இடது காலை எடுத்து வைத்தபோது திருச்சி விமான நிலையத்தில் நின்றார், பக்கத்தில் அவருடைய இரண்டு பெட்டிகளும் நின்றன, ஆளில்லாத கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்து, "ஈரம் காயட்டும் சார், ஓரமாப் போங்க" என்றாள். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார். மனைவி ஜொகரா கதவைத் திறந்து, "நாளைக்குத்தானே வர்றேன்னீங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்குத்தான் கெளம்பினேன்" என்றார் கனி.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சோறு ஆகல. இட்லி சுடட்டா?" என்றாள்.

விஷயம் பரவியதும் சில வாரங்கள் விமான வாசலில் தள்ளுமுள்ளும் சட்டை கிழிப்பும் நடந்தது உண்மைதான், பிறகு கம்பெனி ஒரு விதி போட்டது, முதலில் பிளாட்டினம், பிறகு தங்க அட்டை, பிறகு சக்கர நாற்காலி, பிறகு கைக்குழந்தைக்காரர்கள், அதன் பிறகு மற்ற வரிசைகள் என்று, அத்தோடு சண்டை தீர்ந்தது. திருச்சியில் விமானம் வராத ஞாயிறும் புதனும் ஒற்றை ஆளுக்காக ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்து, நாளைய சீட்டைப் பார்த்து இன்றைய தேதியில் முத்திரை குத்தி அனுப்பினார். ஒரே ஞாயிற்றுக்கிழமையைச் சிங்கப்பூரில் ஒரு தடவையும் பாலக்கரையில் ஒரு தடவையும் வாழ்கிற மனிதர் எத்தனை வேளை தொழ வேண்டும் என்று ஜமாத்தில் மூன்று மணி நேரம் பேசினார்கள். வந்து இறங்குவதே பதினோரு மணிக்கு என்பதால் விடியல் தொழுகை மட்டும் தள்ளுபடி, ஆக மொத்தம் ஒன்பது வேளை என்று ஹஜ்ரத் தீர்த்துவைத்தார், கனியும் மறுபேச்சில்லாமல் ஒன்பது வேளை தொழுதார்.

விமானத்தில் அவருடைய இருக்கை எப்போதும் காலியாகவே வந்தது. பக்கத்து இருக்கை சுந்தரேசனுக்கு. எவர்சில்வர் பாத்திரம் ஏற்றுமதி செய்கிறவர், தங்க அட்டைக்காரர், கனிக்கு அடுத்தபடியாகக் கூப்பிடப்படுகிறவர். ஆறு வருஷமாக ஒரே ஒரு எட்டில் நேற்றைத் தவறவிடுகிற வயிற்றெரிச்சலை அவர் கனியின் பங்குக் காலை உணவையும் சேர்த்துச் சாப்பிட்டு ஆற்றிக்கொண்டார்.

கனி ஒரே ஒரு தப்புதான் செய்தார், அதுவும் ஆரம்பத்தில். எதிர்வீட்டு இஸ்மாயில் ராவுத்தர் மௌத்தாகிவிட்டார் என்று ஒரு திங்கட்கிழமை சிங்கப்பூரில் தகவல் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கி அழுதுகொண்டே அந்த வீட்டுக்குப் போய்விட்டார். வீடே ஒப்பாரி வைத்தது. ராவுத்தர் அதற்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "யாருக்கும்மா, எனக்கா?" என்று கேட்டார், மறுநாள் சொன்னபடி போயும் சேர்ந்தார். அன்றைக்குக் கனி ஒரு சத்தியம் செய்தார். நாளைய செய்தி எதையும் ஊருக்குள் கொண்டுவர மாட்டேன். சிங்கப்பூரிலும் ஊரிலுமாகத் தான் இரண்டு பேராக இருக்கிற அந்த ஒரு நாளில் வீட்டோடு போனில் பேசவும் மாட்டேன், ஊரில் நடப்பதைக் கேட்கவும் மாட்டேன். கல்யாணத்துக்கு மழை வருமா என்று கேட்டு வந்தவர்களைக்கூட, "குடை வச்சுக்கங்க" என்று பொதுவாகச் சொல்லித்தான் அனுப்புவார்.

கையில் எப்போதும் ஒரு நாள் கூடுதலாக இருக்கிறவனுக்கு அந்த நாளைக் கேட்டுக் கேள்வியில்லாமல் செலவழிக்கிற துணிச்சலும் வந்துவிடும். அவருடைய ஒரே மகள் ஷமீமாவின் நிக்காஹ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு என்று குறித்தபோது கனி, திங்கட்கிழமை விமானத்தில் வருகிறேன் என்றார். அரபு வீதியில் ஒரு கடையில் மகளுக்காகச் சொல்லிவைத்த அத்தர் சனிக்கிழமை இரவுதான் கைக்கு வரும், திங்கள் ஏறினால் ஞாயிறு பதினோரு மணிக்கு வாசலில் நிற்பேன், இடையில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்பது அவர் கணக்கு. "வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழிய ஒடச்சிராதீங்க" என்று ஜொகரா தலையில் அடித்துக்கொண்டாள். கனி சிரித்தார். அவருடைய மச்சான் காசிம், வெள்ளைக் காருக்குப் பூ ஜோடித்து, முகப்பில் பச்சைக் கிளி பொம்மை இரண்டை ஒட்டி, சனிக்கிழமை படம் அனுப்பினான். "கிளிய எடுத்துருடா, மானம் போகுது" என்று கனி சொன்னார், காசிம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிராங்கூன் ரோட்டு அறையில் கனி தன் பட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் அந்நேரம் மணி பன்னிரண்டு இருக்கும், பாலக்கரைக் கனி இதே சட்டையைப் போட்டுக்கொண்டு பந்தலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருப்பார் என்று நினைத்துச் சந்தோஷமாகத்தான் இருந்தார். போன் அடித்தது. ஜொகரா. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது கை தானாகப் போய் எடுத்தது.

"ஏங்க, நீங்க வரலைங்க" என்றாள் ஜொகரா, குரல் உடைந்திருந்தது. "உங்களுக்குப் பதிலா ஒரு..."

கனி போனை வைத்துவிட்டார். அணைத்தும் விட்டார். இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்ததில் சட்டையின் காலர் லேசாகப் பொசுங்கிப்போனது.

உங்களுக்குப் பதிலா என்ன? உங்களுக்குப் பதிலா ஒரு சேதி வந்திருக்கிறதா? பொழுது விடியுமுன் தான் செத்துப்போகப் போகிறோமா, இல்லை வேறு எவனாவது முண்டியடித்து முதல் காலடியைத் திருடப் போகிறானா என்று அவருக்குப் புரியவில்லை. சாவதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மகளைக் கட்டிக்கொடுக்கச் சம்மதமா என்று சபையில் கேட்கும்போது தனக்குப் பதிலாகத் தன் தம்பிக்காரன் எழுந்து நின்று பதில் சொல்லியிருப்பானே, ஷமீமா பெற்றவன் முகத்தைத் தேடியிருப்பாளே என்பதுதான் தாங்க முடியவில்லை. ஆனாலும் ஓரத்தில் ஒரு நப்பாசை ஒட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு முதல் காலடியை விடாமல் பிடித்து வைத்துவிட்டால், நேற்றும் தன்னைத் திருத்திக்கொள்ளாதா? அப்படி யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, நடக்காது என்று சொல்லவும் ஆளில்லை.

திங்கள் விடியலில் மூன்று மணி நேரம் முன்னதாகவே வாசலுக்கு வந்து, கதவுக்கு எதிரே முதல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு முன்பே ஒருவன் அங்கே இருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், விரல் இடுக்கெல்லாம் பெயின்ட், போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். எதிரி இவன்தானோ என்று கனி அவன் சீட்டை எட்டிப் பார்த்தார். முப்பத்துநாலாம் வரிசை, கடைசியாகக் கூப்பிடுகிற கூட்டம். மனசு கொஞ்சம் இளகியது.

"என்னா தம்பி, ஊர்ல யாருக்கும் முடியலையா?"

அவன் பெயர் தங்கதுரை, மணப்பாறைப் பக்கம், கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. "அம்மாவுக்குங்க பாய். சனிக்கெழம ராத்திரி அக்கா வரச் சொல்லி போன் பண்ணுச்சு. லீவு வாங்கி டிக்கெட் எடுக்க இன்னிக்குத்தான் கெடச்சுது. நேத்து மத்தியானத்துலேருந்து அடிக்கிறேன், ஒருத்தரும் எடுக்க மாட்டேங்குறாங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். கனி அவன் முகத்தையே பார்த்தார். அவன் அந்தப் பக்கத்துப் பேச்சை முழுக்கக் கேட்டான், பிறகு போனை மடியில் வைத்தான்.

"தம்பி?"

"பக்கத்து வீட்டு ரெங்கம்மா எடுத்துச்சு பாய். அம்மா விடியக்காலம் நாலு மணிக்குப் போயிருச்சாம்." அவன் கண்ணைத் துடைக்கவில்லை, குழம்பிப்போயிருந்தான். "கொடுத்து வச்சவளாம். மகன் நேத்தே கார்ல வந்து எறங்கி, ராவெல்லாம் பக்கத்துலயே இருந்து, அவன் கையால பால் ஊத்தினானாம், குடிச்சிட்டுப் போச்சாம். யாரு பேசறதுன்னுகூடக் கேக்காம வச்சிருச்சு. எங்கம்மாவுக்கு நான் ஒரே ஆம்பளப் புள்ள பாய். நான் இங்க இருக்கேன். அங்க பால் ஊத்தினது யாரு?"

கனி அவன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "என்ன காருன்னு சொன்னாங்களா?"

"கல்யாணக் காராம். மூஞ்சியில ரெண்டு கிளி இருந்துச்சாம்."

முதலில் கனிக்கு வந்தது நிம்மதி, அப்படியானால் நான் சாகவில்லை என்று. அடுத்த நிமிஷம் அந்த நிம்மதியை நினைத்து வெட்கம் வந்தது. வெட்கம் போனதும் மிஞ்சியது துக்கம்தான். இருப்பது ஒரு கார், ஒரு காலடி, ஒரு நேற்று. தான் ஏறினால் மகள் முகம் மலரும், இவன் ஏறினால் ஒரு தாயின் வாயில் பால் இறங்கும். பதினோரு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் நேற்றுகளைத் தின்று தீர்த்தவர் அவர், இந்த ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்று கேட்டதும் அவர்தான். தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதார், தங்கதுரை தன் அம்மாவுக்காக அழுகிறார் என்று நினைத்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான். அந்தக் கை முதுகில் பட்டதும் கனி முடிவு செய்துவிட்டார்.

அவர் அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி முடிக்கும்போது சுற்றிலும் கூட்டம் சேர்ந்திருந்தது. கனி விட்டுக்கொடுத்தால் மட்டும் போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் ஒதுங்கினால் முதலிடம் சுந்தரேசனுக்குப் போகும், அவரும் ஒதுங்கினால் மற்றத் தங்க அட்டைகளுக்கு, அப்படியே ஒவ்வொரு கூட்டமாக இறங்கி முப்பத்துநாலாம் வரிசை வரைக்கும் வந்தாக வேண்டும், நடுவில் ஒருவர் எழுந்தாலும் கதை முடிந்தது. வாசல் அதிகாரி லோகேஸ்வரி விதியை மீறுகிறவள் இல்லை. "அங்கிள், நான் வரிசைப்படிதான் கூப்பிடுவேன்" என்றாள். "ஆனா கூப்பிட்டு வராதவங்களக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகணும்னு எந்த விதியும் இல்ல."

சுந்தரேசன்தான் மல்லுக்கு நின்றார். "கனி பாய், நீங்க சொல்றதப் பார்த்தா அங்க எல்லாம் நடந்து முடிஞ்சாச்சு. பால் ஊத்தியாச்சு, கார் போயாச்சு. இனிமே எவன் முன்னால ஏறினா என்ன? ஆறு வருஷமா ரெண்டாவதாவே நிக்கிறேன். நேத்து என் சம்சாரத்தப் போன்ல கண்டபடி பேசிட்டேன். அதுக்கு முன்னாடி போய் நின்னு வாய மூடிக்கணும்னுதான் எனக்கும்."

"நடந்து முடிஞ்சதா இருந்தாலும் நடத்தி வைக்க ஆள் வேணும்ல முதலாளி" என்றார் கனி. "என் மக நிக்காஹும் நேத்துதான்."



லோகேஸ்வரி ஒலிபெருக்கியை எடுத்தாள். பிளாட்டினம் அட்டைக்காரர்கள் வரலாம் என்றாள், கனி தன் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்க அட்டைக்காரர்கள் வரலாம் என்றாள், சுந்தரேசன் எழுந்தார், இரண்டு எட்டு வைத்தார், சட்டென்று குனிந்து நன்றாகக் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார், கட்டிக்கொண்டே இருந்தார். சக்கர நாற்காலிகள் வரலாம் என்றாள், ஓர் அம்மாள் சக்கரத்தின் தடையை அழுத்திக்கொண்டு கூரையைப் பார்த்தாள். கைக்குழந்தைக்காரர்கள் வரலாம் என்றாள், தாய்மார்கள் பிள்ளைகளைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே ஒவ்வொரு கூட்டமாகக் கூப்பிட, நூற்றைம்பது பேர், ஆளுக்கொரு நேற்று தேவைப்பட்ட நூற்றைம்பது பேர், போன வருஷம் பிளாட்பாரத்தில் பஸ்ஸுக்கு ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவர்கள்கூட, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் லோகேஸ்வரி கூப்பிட்டாள். "முப்பதாவது வரிசைக்கு மேல உள்ளவங்க வரலாம்."

தங்கதுரை எழுந்தான். கனி அவன் கையில் அத்தர் குப்பியைத் திணித்தார். "வெளிய என் மச்சான் காசிம் நிப்பான். அந்தக் காருதான். வெக்கப்படாம ஏறி நேரா ஊருக்கு விடச் சொல்லுங்க. இது என் மகளுக்கு. என் மககிட்ட..." அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டார். "போங்க தம்பி, அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார்.

விமான வாசலில் பணிப்பெண் வணக்கம் சொன்னாள், சொல்லி முடிக்கும்போது அங்கே யாரும் இல்லை. அவள் வழக்கம்போலப் போய் முப்பத்துநாலாம் வரிசையில் காலி இருக்கைக்குப் பெல்ட்டைப் பூட்டிவிட்டு வந்தாள்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கனி ஊர் திரும்பும் விமானத்தில் உட்கார்ந்து வந்தார். இந்த வழியில் காலையில் பொங்கல் தருவார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. "இத்தனை நாள் ஒங்க பங்க நான்தான் தின்னேன், இன்னிக்கு என்னோடதையும் சேர்த்து நீங்க சாப்பிடுங்க" என்று சுந்தரேசன் தன் தட்டையும் தள்ளிவைத்தார். கனிக்கு இறங்கவில்லை. காவிரியும் அதன் பக்கத்தில் மலைக்கோட்டையும் ஜன்னலில் தெரிந்தபோது, முடிந்துபோன கல்யாணத்துக்குப் போகிற தகப்பன் வாசலில் நின்று என்ன பேசுவான் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால் காசிம் நின்றான், கூட ஜொகராவும் நின்றாள். வெள்ளைக் கார் முழுக்க மணப்பாறைச் செம்மண், பூவெல்லாம் வாடியிருந்தது, கிளி இரண்டும் அப்படியே இருந்தன. ஜொகரா அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள், உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் திட்ட ஆரம்பித்தாள்.

"முழுசாக் கேக்க மாட்டீங்களா? உங்களுக்குப் பதிலா ஒரு தம்பி வந்திருக்காரு, அத்தரக் குடுத்தாருன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள படக்குன்னு வச்சா?"

"அந்தத் தம்பி?"

"காசிம்தான் கொண்டுபோய் விட்டான். அந்தம்மா கார்ல பூவப் பார்த்துட்டு, மகன் கல்யாணம் கட்டிக்கிட்டு வந்திருக்கான்னு நெனச்சிருச்சாம். அவரும் ஆமாம்மான்னுட்டாராம். சிரிச்ச முகமாத்தான் போச்சாம்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கனி கேட்கப் பயந்த கேள்வியைக் கார் பாலக்கரைக்குள் திரும்பும் வரை கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. தெருமுனையிலேயே பந்தல் தெரிந்தது. பிரிக்காத பந்தல், புதிதாகத் தோரணம் கட்டிய பந்தல், நாற்காலிகளில் நேற்றைய சட்டையோடே மாப்பிள்ளை வீட்டார், அடுப்பில் இரண்டாவது நாளாக பிரியாணி தேக்ஸா. மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து வந்து கனியைக் கட்டிக்கொண்டு, "பதினோரு வருஷமா நேத்தே வந்த மனுசன், ஒரு தடவை இன்னிக்கு வரட்டுமேன்னு விட்டுட்டோம். ஒங்க மகதான் சொல்லுச்சு" என்றார்.

ஷமீமா உள் அறையில் உட்கார்ந்திருந்தாள். அறை முழுக்க அரபு வீதி அத்தர் மணத்தது. கனி வாசற்படியில் நின்றார், பட்டுச் சட்டையின் பொசுங்கிய காலரைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"அத்தா ஒரு நாள் லேட்டாயிட்டேம்மா" என்றார்.

அவள் எழுந்து வந்து அந்தக் கையை விலக்கிவிட்டு, தன் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"நேத்துப் பார்த்திருந்தா இது ஆரஞ்சாத்தான் இருந்திருக்கும், அத்தா. இன்னிக்குத்தான் மருதாணி நல்லாச் செவந்திருக்கு."